ஒல்லி வழி

லாரி வந்தபோது காலை ஆறே முக்கால்.

கொழுந்தன் அதற்கு முன்பே கிளம்பி நின்றான். துணிப்பை கேட் தூணில் தொங்கியது. சட்டை இஸ்திரி போட்டது. கால்கள் மட்டும் இன்னும் ரப்பர் பூட்சில் இருந்தன. மாட்டை ஏற்றிவிட்டுச் செருப்புக்கு மாறிக்கொள்வான்.

அவள் அவனைப் பார்க்காமல் பால் கேன்களைக் கழுவினாள். கணவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன நாளிலிருந்து இப்படித்தான். தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். அவன் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான்.

டிரைவர் கதவைக் காலால் தள்ளி இறங்கினான். வாயில் ஒரு பல்குச்சி.

"எது?"

"அதோ" என்றான் கொழுந்தன்.

டிரைவர் பட்டிக்குப் பக்கத்தில் போனான். பாதி தூரத்தில் நின்றுவிட்டான். காளை குழாய் வேலிக்குப் பின்னால் நின்றது. கறுப்பு. நெற்றியில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளை. டிரைவரைப் பார்த்தது. மற்ற மாடுகள் அந்நியனைப் பார்த்தால் ஓரடி பின்வாங்கும். இது பின்வாங்கவில்லை.

"பேர் என்ன?"

"குட்டி."

"இதுவா குட்டி? அப்ப ஆத்தாக்காரி என்ன சைஸ்?"

யாரும் சிரிக்கவில்லை.

"ஆளை அடிச்சதுன்னு சொன்னாங்க."

"எங்க அண்ணனை."

"இருக்காரா?"

"இருக்கார். ஜன்னல்ல பாருங்க."

டிரைவர் திரும்பினான். வீட்டின் முன்னறை ஜன்னலில் ஒரு முகம் இருந்தது. ஷேவ் செய்து நாளாகியிருந்தது. கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போடச் சொன்னது அவள் கணவன்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. படுத்தபடி முற்றம் முழுவதையும் கண்ணால் மேய்த்தான்.

"மாடு அடிமாட்டுக்கு. தம்பி?"

"அங்கேயே சந்தைப் பட்டியில வேலை. அண்ணன் பேசி வச்சிருக்கார்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வாடகைதான். இறங்கற இடம் மட்டும் வேற." டிரைவர் பல்குச்சியை வாயில் இடம் மாற்றினான். "மாத்தி இறக்கிடாம பாத்துக்கறேன்."

"மாத்தி இறக்கினாலும் பரவாயில்ல" என்றாள் அவள்.

டிரைவர் அவளைப் பார்த்தான். பிறகு கொழுந்தனைப் பார்த்தான். லாரியின் பின்கதவை இறக்கப் போய்விட்டான்.

*

குட்டியின் தாய் ஈன்ற அன்றே செத்தது. கொழுந்தன்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தான். வயிறு நிறைந்ததும் கன்று தலையால் அவன் உள்ளங்கையை முட்டும். அவன் திருப்பித் தள்ளுவான். அது பின்வாங்கி வந்து மறுபடி முட்டும். பால் வாங்க வருகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

அவள் கணவன் சிரிக்கவில்லை.

"நெத்தியில கை வைக்காதடா. நீ விளையாடற. அது பழகிக்குது."

"கன்னுக்குட்டி அண்ணே."

"கன்னுக்குட்டியாவே இருக்குமா?"

இருக்கவில்லை. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், மார்பு உயரம். விளையாட்டு மட்டும் மாறவில்லை. தாயோடு வளர்ந்த காளைக்கு மனிதன் என்றால் வேறு ஜாதி. இது மனிதனையும் தன்னைப் போல ஒரு மாடு என்று நினைத்து வளர்ந்தது. மாட்டோடு மாடு எப்படிப் பேசுமோ அப்படிப் பேசியது. தலையால்.

பட்டியைக் கட்டியவர் மாமனார். சட்டங்களையும் அவரே போட்டார். தனியாக உள்ளே போகக் கூடாது. முதுகைக் காட்டக் கூடாது. உள்ளே காலை வைக்கும் முன் வெளியே வருவது எப்படி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு மூலையில் இரண்டு செங்குத்துக் குழாய்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தார். ஆள் பக்கவாட்டில் நுழையலாம். மாட்டின் தலை நுழையாது. அந்தப் பக்கம் வைக்கோல் கொட்டகை. வீட்டில் அதற்குப் பெயர் ஒல்லி வழி. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் அவளை அதில் நுழைந்து காட்டச் சொன்னார். நுழைந்தாள்.

"சரி. இதுக்கு மேல சதை போட்டா பட்டிக்குள்ள வராதே" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்தார். சட்டங்களை அண்ணன் வைத்துக்கொண்டான். மாட்டைத் தம்பி வைத்துக்கொண்டான்.

அண்ணன் அடிபட்ட அன்று காலை கொழுந்தன் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் யாரோ நண்பன் வீட்டு விசேஷம். அவள் கணவன் இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு தண்ணீர்த் தொட்டியில் படிந்த பாசியை வாரத் தனியாக உள்ளே போனான். அவள் சத்தம் கேட்டு ஓடியபோது காளை அவனை மூலையில் வைத்து வேலியோடு அழுத்திக்கொண்டிருந்தது. அவன் கத்தவில்லை. அவனிடம் கத்தக் காற்று இல்லை.

"ஒல்லி வழிக்கு ஓடினேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். "கால் வழுக்கிடுச்சு."

அவள் வராந்தாவுக்கு வந்தாள். கொழுந்தன் சுவரில் சாய்ந்து நின்றான். தூக்கம் கண்ணில் ஒட்டியிருந்தது.

"அவர் செத்திருந்தாலும் நீ தூங்கிட்டுத்தான் இருந்திருப்ப" என்றாள். "மாட்டைக் கெடுத்ததும் நீ. மாட்டோட அவரைத் தனியா விட்டதும் நீ."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அவனிடம் நேராகப் பேசியது அதோடு சரி.

*

பட்டியிலிருந்து லாரி வரை ஒரு சந்து. இரண்டு பக்கமும் குழாய். காளை உள்ளே போனால் திரும்ப முடியாத அகலம். சந்தின் வாயில் ஒரு கேட். அதை வெளியே நின்று கயிற்றால் இழுத்தால் மூடிக்கொள்ளும், கொண்டி தானாக விழும். உள்ளே போகத் தேவையில்லை. அடிபட்ட நாளிலிருந்து யாரும் போகவும் இல்லை. தீவனத்தை வேலிக்கு மேலே கொட்டினார்கள். தண்ணீரைக் குழாயில் பாய்ச்சினார்கள்.

கொழுந்தன் சந்தின் மறுமுனையில் தவிட்டு வாளியை வைத்தான். காளை மூக்கைத் தூக்கியது. நடந்தது. சந்துக்குள் தலை போனது, தோள் போனது, பின்பக்கம் போனது.

அவள் கயிற்றை இழுத்தாள். கேட் மூடியது. கொண்டி விழவில்லை. துரு. பாதியில் நின்றது.

மறுபடி இழுத்தாள். நின்றது நின்றபடி.

"அண்ணி, உள்ள போகாதீங்க. நான் கம்பியால தள்ளி விடறேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பாள்.

"என்ன நடக்குது அங்க?" ஜன்னலிலிருந்து கணவனின் குரல். "கேட்டைப் பூட்டுங்க! நிக்கறீங்க ரெண்டு பேரும் மரம் மாதிரி!"

அவள் கணவனிடமிருந்து வாங்கி வைத்திருந்த சாவியால் பக்கத்து வாசலின் பூட்டைத் திறந்து பட்டிக்குள் போனாள். நேராகக் கொண்டிக்கு. சந்துக்குள் காளையின் பின்பக்கம் தெரிந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. கொண்டியில் கையை வைத்து அழுத்தினாள்.

லாரியின் ஏற்றுப் பலகை டிரைவரின் கையிலிருந்து நழுவித் தரையில் அறைந்தது.

பின்னோக்கி வரும் மாடு அவ்வளவு வேகமாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. கேட் அவள் கையைத் தட்டிவிட்டுத் திறந்தது. அவள் பக்கவாட்டில் தாவினாள். காளை முழுதாக வெளியே வந்தது. திரும்பியது. இப்போது வாசல் அதற்குப் பின்னால் இருந்தது.

பாயவில்லை. பக்கவாட்டாக நின்றது. தன் முழு நீளத்தையும் காட்டியது. கழுத்து தடித்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. முன்னங்கால் மண்ணை வாரித் தன் வயிற்றின் மேலேயே போட்டுக்கொண்டது. அதன் அர்த்தம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போதே போய்விடு.

அவள் முதுகைக் காட்டவில்லை. ஓடவில்லை. அதன் கண்ணையும் முறைக்கவில்லை. காலைப் பின்னால் வைத்து, அடுத்த காலைப் பின்னால் வைத்து, ஒல்லி வழி இருந்த மூலைக்குப் போனாள்.

"அங்க வேண்டாம் அண்ணி! இந்தப் பக்கம் வாங்க! இந்தப் பக்கம்!"

அவனுடைய குரல். அவள் மூலைக்கே போனாள். முதுகில் குழாய் பட்டது. உடம்பை ஒருக்களித்து, தோளை இடைவெளிக்குள் விட்டாள்.

தோள் இரும்பில் மோதியது.

கையால் தடவினாள். இடைவெளியின் குறுக்கே குழாய். இடுப்பு உயரத்தில் ஒன்று. மார்பு உயரத்தில் ஒன்று. வேலிக்கு அடித்த அதே பச்சை பெயிண்ட். வெளியிலிருந்து பார்த்தால் வேலிதான்.

கொழுந்தன் எதிர்ப்பக்க வேலியில் பாதி ஏறி நின்றான். குழாயை உள்ளங்கையால் அறைந்தான்.

"குட்டி! டேய் குட்டி! இங்க பாருடா! என்னைப் பாரு!"

காளையின் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு அதுவும் திரும்பி வந்தது. தலை தாழ்ந்தது.

அவள் கறக்கும்போது கட்டும் ரப்பர் ஏப்ரனை அவிழ்த்தாள். முடிச்சு உடனே வந்தது. வலது பக்கம், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசினாள். காளை அதன் மேல் போனது. நெற்றியால் அழுத்தி மண்ணோடு தேய்த்தது.

அவள் குறுக்குக் குழாயில் காலை வைத்து ஏறினாள். இரண்டாவதில் வைத்தாள். வேலிக்கு மேலே வயிற்றால் கவிழ்ந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. வைக்கோலில் தலைகுப்புற விழுந்தாள்.

வேலி ஒரு முறை அதிர்ந்தது. கொட்டகைத் தூண் வரை.

*

கொழுந்தன் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். கொட்டகை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அடிபட்டுச்சா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே குழாய்களின் இந்தப் பக்கம் தெரிந்தது. வெல்டிங் முடிச்சுகள் இன்னும் துருப்பிடிக்கவில்லை.

"இதை யார் வச்சது?"

"என்னைக் கேக்கறீங்களா?"

"இங்க வேற யார் இருக்கா?"

"பரவாயில்ல. பேச்சு வந்துடுச்சு. அதுக்கு மாடு முட்டணும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எனக்கு வெல்டிங் தெரியுமா அண்ணி? ஒரு ஆணி அடிக்கச் சொன்னா விரல்லதான் அடிப்பேன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க."

அவள் குழாயைப் பார்த்தாள்.

"எனக்காக வச்சது" என்றான். "நான் இந்த வழியா உள்ள பூந்து அதோட விளையாடறேன்னு. கேட் சாவி அப்ப அவர் இடுப்புல. இதையும் அடைச்சா நான் எப்படிப் போவேன்? அதான் அவர் மூளை. ஒரு வாரம் கூட ஆகல. அதுக்குள்ள அவரே வந்து மோதினார்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வாயைத் திறந்தேன். கதவைச் சாத்தினீங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரு என் மூஞ்சிய பாத்தா? தட்டைத்தான் பாத்தீங்க." அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். இஸ்திரி போட்ட சட்டையில் வேலிப் பெயிண்ட்டின் பச்சையும் சாணமும். "அவரே சொல்வார்னு நினைச்சேன். அண்ணனாச்சே. ஒரு நாள் சொல்வார், ரெண்டு நாள்ல சொல்வார். கடைசியில பையைக் கட்டிக்கிட்டுக் கிளம்புன்னு ஜன்னல் வழியாச் சொன்னார்."

"நீ தூங்கினது பொய்யா?"

"இல்ல."

"அதை முட்டப் பழக்கினது?"

அவன் பட்டிப் பக்கம் பார்த்தான்.

"நான் கூப்பிட்டேன். பாத்தீங்கல்ல. திரும்பிக்கூடப் பாக்கல."

அவள் எழுந்தாள். காலில் ரத்தம் வழிந்து பூட்சுக்குள் போனது. அவன் கையை நீட்டினான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தனியா இழுத்தா அந்தக் கொண்டி விழாது" என்றாள். "கம்பியை எடு."

இந்த முறை அவர்கள் ஒரு கிழட்டுப் பசுவை லாரியின் பக்கத்தில், காளையின் மூக்குக்குத் தெரியும்படி கட்டினார்கள். டிரைவரின் கையிலிருந்து பலகையை வாங்கி, அடியில் சாக்கு போட்டு, சத்தம் வராமல் வைத்தார்கள். கொண்டிக்கு எண்ணெய் விட்டார்கள். வேலிக்கு வெளியிலிருந்தே. கொழுந்தன் கம்பியோடு நின்றான். அவள் கயிற்றோடு நின்றாள்.

"இழுங்க."

"இழுத்தாச்சு."

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

காளை பசுவின் வாசனையைப் பிடித்துக்கொண்டு சாதுவாக ஏறியது. கோயில் யானை போல என்று டிரைவர் சொன்னான். பின்கதவைப் போட்டு இரண்டு பக்கமும் கம்பி மாட்டினான்.

"இவ்வளவுதானே" என்றான். "இதுக்கா அந்த ஆட்டம்?"

"பலகையைக் கீழ போட்டது நீங்க" என்றாள்.

"எங்க கைன்னா வழுக்கக் கூடாதாக்கா?"

அவள் வீட்டுக்குள் போனாள்.

*

முன்னறையில் மருந்து வாடை. கணவன் தலையணைகளின் மேல் சாய்ந்திருந்தான். ஜன்னல் திரை முழுவதும் ஒதுக்கியிருந்தது.

"ஏத்தியாச்சா?"

"ஆச்சு."

"எதுக்கு உள்ள போன? அறிவிருக்கா? கால்ல என்ன ரத்தம்?"

"நீங்கதானே பூட்டச் சொன்னீங்க."

"உள்ள போய்ப் பூட்டுன்னா சொன்னேன்? நீ வாசலைத் தாண்டினதுதான் தெரிஞ்சுது. அப்புறம் கொட்டகை மறைச்சிடுச்சு. மூலை இங்கிருந்து தெரியாது."

"தெரியாதுதான்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூட்சைக் கழற்றினாள்.

"குழாய் எப்ப வச்சீங்க?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான்.

"அவன் சொன்னானா?"

"என் தோள் சொல்லிச்சு."

வெளியே டிரைவர் யாருடனோ போனில் சத்தமாகப் பேசினான்.

"வேற என்ன செய்யச் சொல்ற?" என்றான் கணவன். "வாயால சொன்னேன். கையால அடிச்சேன். சாவியைப் பிடுங்கினேன். பூனை மாதிரி அந்த வழியாப் போய் அது தலையைக் கட்டிப் பிடிச்சிட்டு நிப்பான். ஒரு நாள் குடலை உருவும்னு பயந்துதான் அடைச்சேன். அவன் நல்லதுக்குத்தான்."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ அவன் பக்கம் பேசுவ. அப்ப எல்லாம் தம்பி தம்பின்னு தலைமேல தூக்கி வச்சிட்டிருந்த."

"கால் வழுக்கிடுச்சுன்னு சொன்னீங்க."

"வழுக்குச்சு."

"எங்க வழுக்குச்சு?"

அவன் போர்வையின் ஓரத்தை மடித்தான். பிரித்தான்.

"மறந்துட்டேன்" என்றான். "நானே வச்சது. நானே பெயிண்ட் அடிச்சது. அது தலையைக் குனிஞ்சதும் எல்லாம் மறந்து போச்சு. சின்ன வயசுலேருந்து ஓடின இடம். கால் தானா அங்க போச்சு."

"அதை ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா?" இப்போது அவளைப் பார்த்தான். "அவனை அனுப்ப நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

அவள் காலைத் துடைத்தாள். துணி சிவந்தது.

"அவன் தூங்கினது பொய்யில்ல" என்றான். "மாட்டைக் கெடுத்தது பொய்யில்ல. என் இடுப்பு பொய்யில்ல. மாடு போகுது, அவனும் போகட்டும். இங்க அடுத்து வர்ற மாட்டையாவது ஒழுங்கா வளப்போம்."

"யாரு வளப்பா? நீங்களா?"

"வாயை அடக்கு."

"படுத்துக்கிட்டே வளப்பீங்களா? ஜன்னல் வழியா?"

"ஏய்."

"உள்ள நான் செத்திருப்பேன். அந்தக் குழாய் இருக்குன்னு இந்த வீட்ல தெரிஞ்ச ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தீங்க. நீங்க அவனைத் துரத்தறதுக்கு. அவன் உங்களைச் சோதிக்கறதுக்கு."

"அதுல ஏறித்தானே தப்பிச்ச?" என்றான்.

அவள் துணியைக் கீழே போட்டாள். கேட்டது சரிதானா என்பது போல அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணை எடுக்கவில்லை.

லாரி ஹாரன் அடித்தது. ஒரு முறை, சின்னதாக. இன்ஜின் ஓடத் தொடங்கியது. லாரிப் பலகை மேல் குளம்புகள் இடம் மாறும் சத்தம்.

வாசலில் நிழல் விழுந்தது. கொழுந்தன். அடிபட்ட நாளுக்குப் பிறகு அவன் இந்த அறைக்குள் வந்ததில்லை. இப்போதும் நிலைப்படிக்கு வெளியேதான் நின்றான். பூட்சை மாற்றவில்லை. சாணம் சிமென்ட் தரையில் இரண்டு தடமாகப் பதிந்தது. பை தோளில் இருந்தது. அண்ணியைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தான்.

"டிரைவர் அவசரப்படறான்" என்றான். "அண்ணே, நானும் ஏறணுமா?"